எல்லையில் காவலர் இல்லை



செம்பூரிலிருந்து ஒரு தாயார், தம் மகளுடன் நான்கு வாரம் பிரிட்டனையும் அயர்லாந்தையும் சுற்றிவர ஆலோசனை கேட்டிருக்கிறார். 1904-ஆம் ஆண்டு எழுப்புதலுக்குப் பேர்பெற்ற வேல்ஸ் நாட்டு மோரியா ஆலயத்தையும், டோனாவூரில் ஊழியம் செய்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1867-இல் பிறந்த மில்லைல் கிராமத்தையும் காண்பது அவர்களின் நெடுநாள் வாஞ்சை.

சகோதரியே, ஒன்றைக் கவனியுங்கள். மில்லைல் வட அயர்லாந்தில் உள்ளது. அது பிரிட்டனைச் சேர்ந்தது. அருகிலுள்ள பெல்ஃபாஸ்டில் ரயிலேறினால் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் டப்ளின் வந்துவிடும். அதுவோ வேறு நாடு. வழியில் சோதனைச் சாவடி இல்லை. ஆயினும் இந்தியருக்கு விசா அவசியம். ஒரே விசாவில் இரு நாடுகளுக்கும் செல்ல 2015-இல் இந்தியருக்கு ஒரு கூட்டுத் திட்டம் வந்தது. அதன்படி விசா வழங்கிய நாட்டிலேயே முதலில் இறங்க வேண்டும். உங்கள் விசாவுக்கு அது பொருந்துமா என விண்ணப்பிக்குமுன்னரே விசாரித்தறியுங்கள். விசா கைக்கு வருமுன் பயணச்சீட்டுக்குப் பணம் கட்டாதிருங்கள்.

"யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று எல்லையைக் கடப்பது எளிது. ஆனால் அருகில் அமர்ந்து மகள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். காவலர் இல்லாத இடத்தில் தாய் காட்டும் உண்மையே, அவள் வீட்டுக்குக் கொண்டுவரும் மேலான நினைவாயிருக்கட்டும். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் ஆசீர்வதிப்பாராக.