கப்பாவிடம் பால் கேட்ட தாய்மார்



இம்மாதம் உங்களை ஜப்பான் நாட்டின் ஒரு சிற்றோடைக் கரைக்கு அழைத்துப் போகிறேன். 2018 ஆம் ஆண்டு நான் அங்கு போயிருந்தபோது ஜப்பானியச் சிநேகிதி ஒருத்தி, "தாய்மார் போகும் ஒரு சின்னக் கோவில் இருக்கிறது, வாருங்கள்" என்று கூட்டிச் சென்றாள். டோக்கியோவிலிருந்து அதிவேகப் புகையிரதத்தில் வடக்கே ஷின்-ஹனமாக்கி வரை போய், பிறகு மலைகளுக்கிடையே மெதுவாகச் செல்லும் சிறிய புகையிரதத்தில் ஏறி, தோனோ என்ற ஊரில் இறங்கினோம். சுற்றிவர மலை, நடுவே வயல்.

தோனோ கதைகளுக்குப் பேர்போன ஊர். அவ்வூர்க்காரர் ஒருவர் சொன்ன கதைகளை யனகிதா குனியோ என்னும் அறிஞர் எழுதி 1910 இல் நூலாக வெளியிட்டார். அக்கதைகளில் வரும் ஒரு பிராணிதான் கப்பா. சிறுபிள்ளையின் உயரம்; முதுகில் ஆமை ஓடு; உச்சந்தலையில் தட்டுப்போல் ஒரு பள்ளம், அதற்குள் தண்ணீர். தண்ணீர் சிந்தினால் அதன் பலம் போய்விடுமாம். மற்ற ஊர்களில் கப்பா பச்சை நிறம் என்பார்கள். தோனோவில் அதன் முகம் சிவப்பு. பிள்ளைகளையும் குதிரைகளையும் ஆற்றுக்குள் இழுத்துவிடும் என்று பயம். ஆனால் மரியாதை தெரிந்த பிராணி. நாம் குனிந்து வணங்கினால் அதுவும் குனியும். தலைத் தண்ணீர் கொட்டிப் போகும்!

ஜோக்கென்ஜி என்ற பௌத்த விகாரையின் பின்னால் அந்த ஓடை ஓடுகிறது. விகாரை தீப்பற்றியபோது கப்பா தன் தலைத் தண்ணீரால் அணைத்ததாக ஒரு கதை. அதனால் அங்குள்ள காவல் சிலைகளின் தலையிலும் பள்ளம் இருக்கிறது. ஓடைக்கரையில், கப்பாவுக்குப் பிடித்த வெள்ளரிக்காயைத் தூண்டிலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

அருகில்தான் கோவில். எங்கள் வேப்பமரத்தடி வைரவர் கோவிலைவிடப் பெரிதில்லை. ஆற்றிலும் மரத்திலும் தெய்வம் உறைகிறது என்பது ஷின்டோ வழிபாட்டினரின் நம்பிக்கை. உள்ளே எட்டிப் பார்த்தேன். சிவப்பிலும் வெள்ளையிலும் துணியால் தைத்த சிறு மார்பகங்கள்! பால் சுரக்க வேண்டுமென்று தாய்மார் கையால் தைத்து வைத்த நேர்த்திகள். பிள்ளைவரம் கேட்டு நாங்கள் மரத்தில் கட்டும் தொட்டில்கள் நினைவுக்கு வந்தன.

"பிள்ளைகளை இழுக்கும் கப்பாவிடமா பால் கேட்கிறார்கள்?" என்று கேட்டேன். சிநேகிதி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, அவ்வூர் முன்பு கொடிய பஞ்சங்களைக் கண்டது என்றாள். 1750களில் பட்டினியால் மாண்டோருக்காகத் துறவி ஒருவர் பாறைகளில் செதுக்கிய உருவங்கள் இன்றும் அங்குள்ள காட்டில் இருக்கின்றன. பசியால் கைவிடப்பட்ட பச்சைக் குழந்தைகளின் துயரமே கப்பாக் கதைகளுக்குள் ஒளிந்திருக்கிறது என்று கருதும் ஆய்வாளரும் உண்டு. வாய்விட்டுச் சொல்ல முடியாததை ஆற்றின் மேல் போட்டார்கள் போலும்.

எனக்கு 1995 ஒக்டோபர் கடைசி நினைவுக்கு வந்தது. வலிகாமத்திலிருந்து மழைக்குள் நடந்த அந்தச் சனத்துக்குள் நானும் ஒருத்தி. கையில் மூன்று மாதப் பிள்ளை. தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் இருந்தபோது பால் வரவில்லை. "பயத்தில வத்திப்போச்சு" என்றார்கள். பால்மாவுக்கு எங்கே போவது? பிள்ளை அழ அழ, குற்றவாளிபோல் குனிந்திருந்தேன். பக்கத்துப் பாயில் இருந்த ஆச்சி ஒருவர் சொன்னார்: "பிள்ளையை விடாமல் நெஞ்சோட போடு மோனை. பால் எங்கயும் போகேல்லை. பயந்து ஒளிச்சு நிக்குது." மூன்றாம் நாள் வந்தது.

ஆச்சி சொன்னதை மருத்துவமும் சொல்கிறது. பயமும் களைப்பும் பால் இறங்குவதைத் தற்காலிகமாகத் தடுக்கும்; அதற்காகப் பால் வற்றிவிட்டது என்று அர்த்தமில்லை. பிள்ளையை உடலோடு அணைத்து அடிக்கடி உறிஞ்சக் கொடுத்தால் பெரும்பாலும் மீண்டும் சுரக்கும். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும். பிள்ளை சோர்ந்துபோனாலோ நிறை கூடாவிட்டாலோ தாமதியாமல் உங்கள் பகுதி மருத்துவமாதுவிடம் காட்டுங்கள். இளந்தாயைச் சூழ இருப்பவர்களே, "உனக்குப் பால் இல்லை" என்று சொல்லாதீர்கள். அவளுக்கு ஒரு வாய் சோறும், சற்று நேர ஆறுதலும் கொடுங்கள்.

எல்லாம் செய்தும் பிள்ளையைக் காப்பாற்ற முடியாமற்போன தாய்மாரும் இதை வாசிப்பீர்கள் என்று அறிவேன். சகோதரி, அது உங்கள் குற்றமல்ல. தோனோப் பெண்கள் சொல்ல முடியாததைக் கையால் தைத்து வைத்தார்கள். நீங்கள் நம்பிக்கையான ஒருத்தியிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள்.

புறப்படும்போது கோவிலுக்கு முன்னால் குனிந்தேன். "அதிகம் குனியாதீர்கள், கப்பாவின் தலைத் தண்ணீர் கொட்டிவிடும்" என்று சிநேகிதி சிரித்தாள். நானும் சிரித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான்.