தானத்து மாட்டையும் பல்லைப் பிடித்துப் பாருங்கள்



சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது நம் உறுப்பினர் ஒருவர் ஒரு கேள்வியைப் போட்டார். "வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வைரஸ் தடுக்கும் சாப்ட்வேரைக் காசு கொடுத்து வாங்க வேண்டுமா, இலவசமாகக் கிடைப்பதே போதுமா?" என்றார். அவ்வளவுதான், அரை மணி நேரம் வாதம் நடந்தது. "ஓசியில் வருவது உருப்படியாக இருக்காது" என்றார்கள் ஒரு சாரார். "காசு வாங்குகிறவனே வைரஸையும் விடுகிறான்" என்றார்கள் இன்னொரு சாரார். நான் அன்று வாய் திறக்கவில்லை. இந்த விஷயத்தில் அடிபட்டவன் என்ற முறையில் என் கருத்தை இந்த இதழ் மூலமாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நம்மில் பலருக்கு வீட்டுக் கம்ப்யூட்டர் என்றும் கடைக் கம்ப்யூட்டர் என்றும் இரண்டு கிடையாது. கடைக்குப் பின்னால் வீடு, அல்லது கடைக்கு மேலே வீடு. பகலில் அதில் டேலி கணக்கு எழுதுகிறோம். மாதம் 11-ம் தேதியும் 20-ம் தேதியும் நெருங்கினால் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடுகிறோம். மாலையில் பிள்ளைகள் அதிலேயே பாடம் படிக்கிறார்கள், படமும் பார்க்கிறார்கள். ஆகவே நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்தால் பேரேட்டிலேயே புகுந்துவிட்டது என்று பொருள்.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். 2021-ம் ஆண்டு ஐப்பசி மாதம், நல்ல மழை. காலையில் கடை திறந்து கம்ப்யூட்டரைப் போட்டால் ஒரு பைலும் திறக்கவில்லை. எல்லாப் பைல்களின் பெயருக்கும் பின்னால் புரியாத எழுத்துகள் ஒட்டியிருந்தன. திரையில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம். உங்கள் பைல்கள் பூட்டப்பட்டுள்ளன, இத்தனை டாலரை பிட்காயினாகக் கட்டினால் சாவி தருவோம் என்று எழுதியிருந்தது. பணயத் தொகை கேட்கும் இந்த வகை வைரஸுக்கு ரேன்சம்வேர் என்று பெயர் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். முதல் நாள் மாலை ஜி.எஸ்.டி. நோட்டீஸ் என்ற பெயரில் வந்த ஒரு ஈமெயிலை எங்கள் கணக்குப்பிள்ளை பதறிப்போய்த் திறந்திருக்கிறார். நோட்டீஸ் என்றால் நம்மவர்களுக்கு வரும் பதற்றம் உங்களுக்குத் தெரியாதது அல்ல.

பூம்பாறை, மன்னவனூர், பூண்டி, கிளாவரை வரை நான் சரக்குக் கொடுக்கும் 47 கடைகளின் பாக்கிக் கணக்கு அதற்குள் மாட்டிக்கொண்டது. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோதே கைப்பேரேட்டை நிறுத்திவிட்டேன். பதிவு பெற்ற கடைகளுக்குப் போட்ட பில் விவரம் போர்ட்டலில் கிடைத்தது. ஆனால் ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய்க்குள் சரக்கு வியாபாரம் செய்யும் சிறு கடைக்காரர் பெரும்பாலும் பதிவு பெற வேண்டியதில்லை. அவர் பெயரில் போர்ட்டலில் ஒன்றும் இராது. யார் எவ்வளவு கட்டினார், எவ்வளவு பாக்கி வைத்தார் என்பது எந்தப் போர்ட்டலிலும் இராது.

வேறு வழியின்றி ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினேன். "நீங்கள் எனக்கு எவ்வளவு தர வேண்டும்?" என்று கடன் கொடுத்தவனே போய்க் கேட்கும் நிலைமை. 40 பேருக்கு மேல் தங்கள் நோட்டைப் பார்த்துச் சரியாகச் சொன்னார்கள். "கம்ப்யூட்டர் மறந்துட்டா என்ன அண்ணாச்சி, என் நோட்டு மறக்கலையே" என்று ஒரு சிறு கடைக்காரர் சொன்னதை நான் ஆயுளுக்கும் மறக்க மாட்டேன். மூன்று நான்கு பேர் சொன்ன தொகையில் மட்டும் எனக்குச் சந்தேகம். ஆதாரம் இல்லாதவன் எப்படி வாதாட முடியும்? அவர்கள் உண்மையைச் சொன்னார்களோ, நான்தான் தவறாக நினைத்தேனோ, இன்றுவரை தெரியாது. அவர்களோடு பழைய முகம் இல்லை. போன பணத்தைவிட அதுதான் பெரிய நஷ்டம்.

உங்களிடம் ஆன்டி வைரஸ் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. காசு கொடுத்து வாங்கியதுதான். ஆனால் அதன் சந்தா முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. தினமும் காலையில் எச்சரிக்கை வந்தது, தினமும் அதை மூடிவிட்டு வேலையைப் பார்த்தோம். கம்ப்யூட்டரில் இருந்ததோ விண்டோஸ் 7. அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2020 ஜனவரி 14-ம் தேதியோடு நிறுத்தியிருந்தது. கணக்கை நகல் எடுத்து வைத்த ஹார்டு டிஸ்க்கும் கம்ப்யூட்டரிலேயே எப்போதும் சொருகிக் கிடந்தது. வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிட்டது. ஆக, மூன்று கதவுகளையும் நானே திறந்து வைத்திருந்தேன். காசு கொடுத்து வாங்கியவன், இலவசமாக வாங்கியவன் என்று அந்த வைரஸ் பேதம் பார்க்கவில்லை.

உலக அளவிலும் இதே பாடம்தான். 2017 மே 12-ம் தேதி பரவிய வானாகிரை என்ற ரேன்சம்வேர் சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்களைத் தாக்கியது. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகளில் ஆபரேஷன்கள் தள்ளிப்போயின. பக்கத்துக் கேரளத்தில் வயநாடு மாவட்டத்துப் பஞ்சாயத்து அலுவலகக் கம்ப்யூட்டர்களும் தப்பவில்லை. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் அந்த ஆண்டு மார்ச் 14-ம் தேதியே இலவசமாக வெளியிட்டிருந்தது. இரண்டு மாதமாக அதைப் போடாமல் விட்டவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொண்டார்கள்.

இனி இலவசத்துக்கு வருவோம். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். வியாபாரி அப்படி இருக்க முடியாது. பருப்பு பாக்கெட்டோடு டம்ளர் இலவசம் என்றால் டம்ளரின் விலை எங்கே ஏறியிருக்கிறது என்று நமக்குத் தெரியும். சாப்ட்வேரிலும் இலவசம் இரண்டு வகை.

ஒன்று, விண்டோஸோடு சேர்ந்தே வரும் டிபெண்டர். 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல் இது உள்ளேயே இருக்கிறது. இதன் விலையை விண்டோஸ் வாங்கும்போதே கொடுத்துவிட்டோம். ஆரம்பத்தில் இதைப் பலரும் மதிக்கவில்லை. ஆனால் ஜெர்மனியின் ஏ.வி.-டெஸ்ட் போன்ற தனிப் பரிசோதனைக் கூடங்களில், சில ஆண்டுகளாகக் காசு சாப்ட்வேர்கள் பலவற்றுக்கு இணையாக இது மதிப்பெண் வாங்கி வருகிறது.

இரண்டாவது வகை, மற்ற நிறுவனங்கள் தரும் இலவசப் பதிப்பு. அவர்களும் சம்பளம் கொடுத்துத்தான் ஆள் வைத்திருக்கிறார்கள். காசுப் பதிப்பை வாங்கச் சொல்லி விளம்பரம் காட்டுவது நியாயமான வழி. அப்படி இல்லாத வழியும் உண்டு. கோடிக்கணக்கானோர் பயன்படுத்திய அவாஸ்ட் நிறுவனம், தன் வாடிக்கையாளர்கள் எந்தெந்த இணையதளங்களுக்குப் போகிறார்கள் என்ற விவரத்தைச் சேகரித்து, ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் மூலம் விற்றது என்று அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 2024 பிப்ரவரியில் 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்றும், விளம்பரத்துக்காக அத்தகைய விவரங்களை விற்கக் கூடாது என்றும் ஆணையம் அறிவித்தது. நம் ரூபாயில் 130 கோடிக்கு மேல். ஜம்ப்ஷாட் 2020-லேயே மூடப்பட்டுவிட்டது. காவலுக்கு வைத்தவனே வீட்டு ரகசியத்தை விற்றால் என்ன செய்வது?

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பல நிறுவனங்களின் இலவசப் பதிப்பு வீட்டு உபயோகத்துக்கு மட்டும்தான். கடைக் கணக்கு எழுதும் கம்ப்யூட்டரில் அதைப் போடுவது அவர்களுடைய நிபந்தனைக்கு விரோதம். நிபந்தனையைப் படிக்காமலேயே நாம் சம்மதம் கொடுத்துவிடுகிறோம்.

அப்படியானால் காசு கொடுத்து வாங்குவது வீணா? அதுவும் இல்லை. நம் மலைக்கென்று ஒரு காரணம் இருக்கிறது. டிபெண்டர் தன் வேலையின் ஒரு பகுதியை இன்டர்நெட் வழியாக நிறுவனத்தின் பெரிய கம்ப்யூட்டர்களைக் கேட்டுத்தான் செய்கிறது. இணைப்பு இல்லாத நேரத்தில் அதன் கண்டுபிடிக்கும் திறன் குறைகிறது என்பது ஆஸ்திரியாவின் ஏ.வி.-கம்பேரட்டிவ்ஸ் நடத்திய பரிசோதனைகளில் தெரிந்த விஷயம். மதுரையிலோ திண்டுக்கல்லிலோ இருப்பவருக்கு இது பெரிதல்ல. வடகிழக்குப் பருவமழையில் மரம் விழுந்து கேபிள் அறுந்தால், மேல்மலைக் கிராமங்களில் இணைப்பு எப்போது வரும் என்று யார் சொல்ல முடியும்? அந்த நாட்களில் கணக்கு, பில் எல்லாம் பென் டிரைவில்தான் கடைக்குக் கடை போகிறது, வைரஸும் கூடவே போகிறது. இப்படிப்பட்ட இடத்தில், இணைப்பு இல்லாதபோதும் நன்றாக வேலை செய்வதாகப் பரிசோதனையில் தெரிந்த ஒரு சாப்ட்வேரை வாங்குவது நியாயமான செலவு. பல ஆட்கள் கை வைக்கும் கம்ப்யூட்டருக்கும், சந்தேகம் கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்பவர்களுக்கும் அப்படியே. சென்னையில் 1990-களின் தொடக்கத்தில் தோன்றிய கே7, புனேயில் தோன்றிய குயிக் ஹீல் என்று நம் நாட்டு நிறுவனங்களும் இதில் இருக்கின்றன.

வாங்குவதானால் வியாபாரி மாதிரி வாங்குங்கள். முதல் வருடம் பாதி விலை, இரண்டாம் வருடம் முழு விலை என்ற கதை இதில் நிறைய. கார்டிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் சம்மதம் கொடுத்திருக்கிறோமா என்று பாருங்கள். சந்தா முடியும் தேதியைக் கடைக் காலண்டரில் குறித்து வையுங்கள். கடைக் கணக்குக்கான கம்ப்யூட்டர் என்றால் உங்கள் ஜி.எஸ்.டி. எண் போட்டுப் பில் வாங்குங்கள். கட்டிய வரியை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு ஆன்டி வைரஸ் போடாதீர்கள். ஒன்றோடொன்று மோதி இரண்டும் சரியாக வேலை செய்யாமல் போகலாம். திருட்டு நகல் மட்டும் எந்த நாளும் வேண்டாம். பூட்டை உடைத்துத் திறந்த சாப்ட்வேரிலேயே வைரஸை வைத்து அனுப்புகிறவர்கள் உண்டு.

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். நல்ல இணைப்பும், கைப்பழக்கத்தில் ஒழுங்கும் உள்ளவருக்கு விண்டோஸோடு வரும் டிபெண்டர் போதும். இலவசமா காசா என்று மண்டையை உடைப்பதற்கு முன் மூன்று காரியம் செய்ய வேண்டும்.

முதலாவது, திருத்தங்கள் வந்துகொண்டிருக்கும் விண்டோஸ். விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு வழக்கமான ஆதரவு நின்றுவிட்டது. பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் கூடுதல் கால நீட்டிப்பை அறிவித்தார்கள். உங்கள் பழைய கம்ப்யூட்டர் விண்டோஸ் 11-ஐத் தாங்காது என்றால், ஆன்டி வைரஸுக்கு வைத்த பணத்தைப் புதுக் கம்ப்யூட்டருக்குச் சேமியுங்கள்.

இரண்டாவது, கணக்கின் நகல். ஹார்டு டிஸ்க் இரண்டு வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமைச் சந்தை முடிந்து திங்கட்கிழமை காலையில் ஒரு வாரம் ஒன்றில், மறு வாரம் மற்றொன்றில் நகல் எடுங்கள். எடுத்தவுடன் கழற்றிவிடுங்கள். ஒன்று கடையில் இருந்தால் மற்றொன்று வேறு வீட்டில் இருக்கட்டும். ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய தேதியிலிருந்து 72 மாதம் கணக்கைப் பாதுகாக்க வேண்டும் என்பதையும் மறவாதீர்கள். வைரஸ் தின்றுவிட்டது என்று அதிகாரியிடம் சொல்லித் தப்ப முடியாது. பாக்கிக் கணக்கை மட்டுமாவது மாதம் ஒரு முறை பிரிண்ட் எடுத்து, கடைக்காரரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

மூன்றாவது, பதற்றப்படாத கை. நோட்டீஸ் என்று ஈமெயில் வந்தால் அதிலுள்ள எதையும் திறக்காமல், நாமே போர்ட்டலுக்குப் போய் நம் கணக்கில் பார்க்க வேண்டும். திரையில் "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், உடனே இந்த எண்ணுக்குப் பேசுங்கள்" என்று வந்தால் அது மோசடி. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். மத்திய அரசு 2017-ல் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திராவின் இணையதளத்தில் வைரஸ் நீக்கும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ரேன்சம்வேரில் மாட்டியவர்களுக்காக, ஐரோப்பியப் போலீஸ் அமைப்பும் மற்றவர்களும் சேர்ந்து 2016-ல் தொடங்கிய நோ மோர் ரேன்சம் என்ற தளத்தில் சில வகைகளுக்குச் சாவி இலவசம். என்னைப் பிடித்த வகைக்குச் சாவி இல்லை. ஆனாலும் பணயத் தொகை கட்டுவதற்கு முன் அங்கே பார்த்துவிடுங்கள். கட்டினாலும் சாவி வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

நம் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். எடைத் தராசுக்கு முத்திரை வைக்க ஒரு நாள் ஒதுக்குவது போல, ஆண்டுக்கு ஒரு நாள் கம்ப்யூட்டருக்கும் ஒதுக்குங்கள். விஷயம் தெரிந்த ஒருவரை அழைத்து வந்து கொடைக்கானலிலும் பண்ணைக்காட்டிலும் உறுப்பினர்களின் கம்ப்யூட்டர்களைப் பார்க்கச் சொல்லலாம். வாங்க வேண்டியவர்களுக்கு மொத்தமாக விலை பேசலாம். மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்பது நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடனும் நாணயமும் சேர்ந்ததுதான் இந்த மலையில் நம் வியாபாரம். அந்த நாணயத்துக்குச் சாட்சி பேரேடு. அதைக் கம்ப்யூட்டரில் வைத்தாலும் காகிதத்தில் வைத்தாலும் காப்பாற்ற வேண்டியவர்கள் நாம்தான்.