நுண்கணிதம் இன்றி, அவரவர் வேகத்தில் இயற்பியல்: எங்கள் நிலைப்பாடு

பெங்களூரை அடுத்த ஆனேக்கல் வட்டத்தில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் இளைஞர்களோடு பணியாற்றும் எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இது: பொறியியலோ இயற்பியல் பட்டமோ நாடாத மாணவர்களுக்கு, நுண்கணிதம் கேட்காத, அவரவர் வேகத்தில் முடிக்கக்கூடிய அறிமுக இயற்பியல் பாடத்தைக் கல்லூரிகள் நடத்த வேண்டும்; அதற்கு முழு கிரெடிட்டும் தர வேண்டும். பொம்மசந்திரா, ஜிகணி, அத்திபெலே தொழிற்பேட்டைகளில் ஷிப்டு வேலைக்குப் போகிறவரால் எல்லா வாரமும் ஒரே மாலை வகுப்புக்கு வர முடியாது. பதினொன்றாம் வகுப்பில் கணிதத்தை விட்டு உயிரியல் எடுத்தவர், பிசியோதெரபியோ எக்ஸ்ரே தொழில்நுட்பமோ படிக்க வரும்போது நெம்புகோலும் கதிர்வீச்சும் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். இயற்பியல் இவர்களுக்குத் தேவை. அதை அடையும் வழிதான் அடைபட்டிருக்கிறது.

நுண்கணிதம் இல்லாத இயற்பியல் அரைகுறை என்பது முதல் எதிர்ப்பு. ஆனால் கலிலியோ விழும் பொருளின் விதியை நூலாக வெளியிட்டது 1638இல். நியூட்டனும் லைப்னிட்சும் நுண்கணிதத்தை உருவாக்கியது அதற்குப் பிறகுதான். ஓய்வுநிலையிலிருந்து விழும் பொருள் முதல் நொடியில் 4.9 மீட்டரும், இரண்டாம் நொடியில் 14.7 மீட்டரும், மூன்றாவதில் 24.5 மீட்டரும் கடக்கிறது. 1, 3, 5 என்ற விகிதம். ஏன் அப்படி என்பதை, திசைவேக-நேர வரைபடத்தின் கீழுள்ள பரப்பைக் கணக்கிட்டே விளக்கிவிடலாம். சுருள்வில்லை இழுக்கச் செய்யும் வேலையும் ஒரு முக்கோணத்தின் பரப்புதான். அமெரிக்கக் கல்லூரிகளில் இயற்கணிதம் மட்டுமே கேட்கும் இயற்பியல் நெடுங்காலமாக நடக்கிறது; ஓபன்ஸ்டாக்ஸ் அதற்கான பாடநூலை 2012 முதல் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. மின்காந்தவியலின் மேக்ஸ்வெல் சமன்பாடுகளை இவ்வழியில் முழுமையாகக் கற்க முடியாது என்பது உண்மை. ஆகவே, இப்பாடம் எந்தப் படிப்புக்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்பதைச் சேரும்போதே எழுத்தில் தர வேண்டும்.

அவரவர் வேகம் என்றால் தள்ளிப்போடுவதில்தான் முடியும் என்பது இரண்டாவது எதிர்ப்பு. இந்த அச்சம் நியாயமானது. 1968இல் உளவியலாளர் ஃபிரெட் கெல்லர் முன்வைத்த தன்வேகக் கற்றல் முறையைப் பின்பற்றிய வகுப்புகளிலும் இச்சிக்கல் இருந்தது. ஆனால் அம்முறையில் வேகத்தோடு வேறு மூன்றும் இருந்தன: ஓர் அலகில் தேர்ந்தால்தான் அடுத்தது, தவறினால் தண்டனையற்ற மறுதேர்வு, ஐயம் தீர்க்க உடனிருக்கும் வழிகாட்டி. இவற்றை விட்டுவிட்டுக் காணொளிகளை மட்டும் கொடுத்தால் மாணவர் பாதியில் நிற்பார். இத்தகைய பாடத்துக்கு விதிகளும் பெருந்தடையல்ல: ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை இந்திய அரசின் இணையக் கற்றல் தளமான ஸ்வயம் வழியே படிக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் இடமளித்தது. ஆனால் அங்கும் கிரெடிட் பெறக் குறித்த தேதிகளில் ஒப்படைவும் தேர்வும் உண்டு.

எனவே, எந்த வாரத்திலும் எழுதக்கூடிய அலகுத் தேர்வுகள், ஆங்கிலத்தோடு கன்னடத்திலும் தமிழிலும் விளக்கம் தரும் வழிகாட்டிகள், ஞாயிற்றுக்கிழமைகளில் நேரடி ஆய்வகம் ஆகிய மூன்றையும் கோருகிறோம். ஊசலைத் தானே ஆட்டி அலைவுநேரம் அளக்காதவருக்குக் கிரெடிட் தரக் கூடாது என்பதிலும் உறுதியாக இருக்கிறோம். காலத்தில்தான் சலுகை கேட்கிறோம், தரத்தில் கேட்கவில்லை.