கைப்பையில் துப்பாக்கி: காவலா? ஆபத்தா?

"கையிலே சின்னதா ஒரு துப்பாக்கி இருந்தா போதும். எவன் கிட்டே வருவான்?"

இரவு வேலை முடித்துத் தனியே வீடு திரும்பும் பெண்களும், பணப்பையோடு கடையைப் பூட்டும் வியாபாரிகளும் இப்படிக் கேட்பதுண்டு. அவர்கள் பயம் நியாயமானதுதான். ஆனால் துப்பாக்கி வாங்கினால் அந்தப் பயம் தீருமா?

டெல்லியில் 2012 டிசம்பரில், ஓடும் பஸ்சில் ஒரு மாணவிக்கு நேர்ந்த கொடுமை நாட்டையே உலுக்கியது. அதன்பின், 2014 ஜனவரியில் கான்பூர் அரசுத் தொழிற்சாலை, பெண்களை மனதில் வைத்து ஒரு ரிவால்வரை விற்பனைக்குக் கொண்டு வந்தது.

பெயர் 'நிர்பீக்'. பயமற்றது என்று அர்த்தம். எடை சுமார் அரை கிலோ. விலையோ அப்போது ஒரு லட்சத்து 22 ஆயிரம் ரூபாய்!

2023-ம் ஆண்டு அதே கான்பூரில் இருந்து 'பிரபல்' என்ற ரிவால்வர் வந்தது. இதன் எடை சுமார் 700 கிராம். 50 மீட்டர் தூரம் சுடலாம் என்றார்கள்.

இரண்டுமே 'பாயிண்ட் 32' ரகம். போலீசும் ராணுவமும் வைத்திருக்கும் 9 எம்.எம். ரகம் சாதாரண லைசென்சில் கிடைக்காது.

லேசானது நல்லதா?

"எடை குறைச்சலா இருந்தா நல்லது" என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது தப்புக் கணக்கு. துப்பாக்கி லேசாக இருந்தால், சுடும்போது கை அதிகமாக உதறும். குழாய் குட்டையாக இருந்தால் குறி பார்ப்பது கஷ்டம். பதற்றத்தில் விசையை இழுக்க விரலில் பலமும் வேண்டும்.

50 மீட்டர் என்பதில் என்ன பெருமை? கத்தியோடு வருகிறவன் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பான். குறி தவறிய குண்டு 50 மீட்டர் போனால், ரங்கநாதன் தெருவில் யார் மேலே பாயும்?

ஆகவே, வாங்குகிறவர் பார்க்க வேண்டியது எடையையும் தூரத்தையும் அல்ல. அது தன் கைக்கு அடங்குகிறதா, அடிக்கடி சுட்டுப் பழக முடியுமா என்பதைத்தான். ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்துவிட்டு மறுபடி பூட்டுகிற துப்பாக்கி ஆபத்துக்கு உதவாது.

சட்டம் விடுமா?

21 வயது நிரம்பியவர் லைசென்சுக்கு விண்ணப்பிக்கலாம். சென்னையில் போலீஸ் கமிஷனரிடம் விண்ணப்பிக்க வேண்டும். லைசென்சு கிடைத்தாலும் இஷ்டப்படி சுட முடியாது. தற்காப்புக்குத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது என்று பழைய சட்டமும் சொன்னது. 2024 ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்த புதிய சட்டமும் அதையே சொல்கிறது. சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடுகிறவனை முதுகில் சுட்டுவிட்டு, "தற்காப்பு" என்று சொல்லித் தப்பிவிட முடியாது. கோர்ட்டு கேள்வி கேட்கும்.

பீரோவிலா, தலையணையிலா?

எல்லாவற்றையும் விடப் பெரிய கேள்வி, துப்பாக்கியை எங்கே வைப்பது என்பதுதான். பீரோவில் பூட்டினால், திருடன் நிற்கும்போது சாவியைத் தேட வேண்டும். தலையணைக்கு அடியில் வைத்தால், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை விளையாட எடுக்கும். ரகம் சின்னது என்றாலும், அந்தக் குண்டும் உயிரைக் குடிக்கும்.

அந்தப் பணத்தில் வாசலுக்கு இரும்புக் கதவு போடலாம்; கேமரா வைக்கலாம். அவசரத்துக்கு 100 என்ற போன் நம்பர் இருக்கிறது.

"இல்லை, வாங்கியே தீருவேன்" என்பவர்கள், கடைக்குப் போகும் முன் ஒன்று செய்யட்டும். பிள்ளையின் கைக்கு எட்டாத, தன் கைக்கு உடனே எட்டுகிற இடம் வீட்டில் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கட்டும்!