தோத்துப்போனா அது தப்பான முடிவா? சில கோச்சுகளும் ஒரு டாக்டரும்

1/
அமெரிக்கன் ஃபுட்பால் பார்ப்பவர்கள் நம்ம ஊரில் குறைவு. இருந்தாலும் அந்த விளையாட்டில் ரசிகர்களைத் தலையில் அடிச்சுக்க வைத்த சில கோச் முடிவுகளைப் பற்றி ஒரு நீளமான இழை இது. முடிவெடுப்பவர்களை நாம எப்படி எடை போடுறோம் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குக் கிடைக்கல. தினமும் முடிவெடுத்து, அதுக்குப் பதிலும் சொல்ல வேண்டிய தொழில் என்னுடையது. அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். பொறுமையா படிங்க.

2/
முதலில் விதி. பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் 10 யார்டு முன்னேறணும். முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு. இல்லைன்னா பந்து அதே இடத்தில் எதிரணிக்குப் போயிடும். எல்லைக்கோட்டைத் தாண்டினால் டச்டவுன், 6 புள்ளி. அதுக்கப்புறம் ஒரு கூடுதல் முயற்சி: பந்தை உதைச்சு கம்பத்துக்குள் அனுப்பினால் 1, மறுபடி கோட்டைத் தாண்டினால் 2.

3/
சிக்கல் நான்காவது வாய்ப்பில்தான். மூணு வழி இருக்கு. பந்தைத் தூரமா உதைச்சு எதிரணியைப் பின்னுக்குத் தள்ளலாம். இதுக்கு பன்ட் என்று பேர். பக்கத்தில் இருந்தால் கம்பத்துக்கு நடுவே உதைச்சு ஃபீல்டு கோல் அடிக்கலாம், 3 புள்ளி. அல்லது துணிஞ்சு முன்னேறப் பார்க்கலாம். கோச்சுகள் வாங்கும் திட்டில் ஒரு பெரும் பங்கு இந்த இடத்தில்தான் பிறக்குது.

4/
2021 ஜனவரி 24. ஜெயிச்சா அடுத்தது சூப்பர் பவுல். கிரீன் பே பேக்கர்ஸ் அணி டாம்பா பே பக்கனியர்ஸிடம் 23-31 எனப் பின்தங்கியிருக்கு. மிச்சம் இருப்பது இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல. எல்லைக்கோட்டுக்கு 8 யார்டு. நான்காவது வாய்ப்பு. பேக்கர்ஸின் குவார்ட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸ், அந்த சீசனின் மிகச்சிறந்த வீரர் விருது வாங்கியவர். எதிரணியில் டாம் பிரேடி. இந்த நிலைமையில் கோச் மேட் லஃப்ளோர் ஃபீல்டு கோல் அடிக்கச் சொன்னார்.

5/
கணக்கைப் பாருங்க. 8 புள்ளி பின்தங்கினா ஒரு டச்டவுன் வேணும். ஃபீல்டு கோலுக்குப் பிறகு 5 புள்ளி பின்தங்கல். அப்பவும் ஒரு டச்டவுன் வேணும்! அதுக்கு முதலில் பிரேடி கையிலிருந்து பந்தைத் திரும்ப வாங்கணும். துணிஞ்சு முயற்சி செஞ்சு தோத்திருந்தாலும், பிரேடி தன்னுடைய எல்லையை ஒட்டி, 8 யார்டு பக்கத்தில் முடங்கித்தான் ஆரம்பிச்சிருப்பார்.

6/
நியாயமா லஃப்ளோர் பக்கமும் சொல்லிடணும். அவரிடம் மூன்று டைம் அவுட் மிச்சம் இருந்தது. இரண்டு நிமிடம் இருக்கும்போது கடிகாரம் தானாக ஒருமுறை நிற்கும். எதிரணியைத் தடுத்து பந்தைத் திரும்ப வாங்கிடலாம், 2 புள்ளி கூடுதல் முயற்சியும் தேவைப்படாது என்பது அவர் கணக்கு. ஆனால் பந்து திரும்ப வரவே இல்லை. 26-31. சீசன் முடிஞ்சது.

7/
இப்போ இதுக்கு நேர் எதிரான கதை. 2009 நவம்பர் 15, இண்டியானாபோலிஸ். பில் பெலிச்சிக்கின் பேட்ரியட்ஸ் 34-28 என முன்னிலை. இரண்டு நிமிடம் சொச்சம் மிச்சம். நான்காவது வாய்ப்பு, தேவை 2 யார்டு. ஆனால் பந்து இருப்பது அவங்க பக்கத்திலேயே, 28 யார்டு கோட்டில். அந்த இடத்தில் எல்லோரும் பன்ட்தான் அடிப்பாங்க. பெலிச்சிக் துணிஞ்சார். வீரர் பந்தைப் பிடிச்சார், ஆனால் தேவையான தூரத்துக்குச் சற்று முன்பே மடக்கிட்டாங்க. பேட்டன் மேனிங்கின் கோல்ட்ஸ் அங்கிருந்தே டச்டவுன் அடிச்சு 35-34 என ஜெயிச்சது.

8/
அமெரிக்க டிவியும் பத்திரிகையும் பெலிச்சிக்கை வறுத்து எடுத்துட்டாங்க. திமிர், பைத்தியக்காரத்தனம், இன்னும் என்னென்னமோ. ஆனால் 2 யார்டு முயற்சி பாதிக்கு மேல் வெற்றி பெறும் ஒன்று. ஜெயிச்சிருந்தா மேனிங் கைக்குப் பந்து போகாமலே ஆட்டம் கிட்டத்தட்ட முடிஞ்சிருக்கும். பன்ட் அடிச்சிருந்தாலும் மேனிங்குக்கு இரண்டு நிமிடம் கிடைச்சிருக்கும், கொஞ்சம் தள்ளி ஆரம்பிச்சிருப்பார், அவ்வளவுதான். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்த புள்ளியியல் ஆட்கள் பலர் பெலிச்சிக் பக்கம்தான் நின்றார்கள்.

9/
மூணாவது கதை. 2018 பிப்ரவரி 4, சூப்பர் பவுல். பிலடெல்பியா ஈகிள்ஸ் கோச் டக் பீடர்சன், முதல் பாதி முடியும் நேரத்தில், நான்காவது வாய்ப்பில், கையில் இருந்த சுலபமான ஃபீல்டு கோலை விட்டுட்டுத் துணிஞ்சார். அதுவும் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கே ஓடிப்போய்ப் பிடிக்கும் ஒரு தந்திர ஆட்டம். பலிச்சது. 41-33 என ஜெயிச்சாங்க. அந்த முடிவை எடுத்த நொடியை வெண்கலச் சிலையாவே வடிச்சு பிலடெல்பியா ஸ்டேடியத்தில் வெச்சிருக்காங்க.

10/
புரியுதா? துணிச்சல் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். ஒருத்தருக்கு வசை, இன்னொருத்தருக்குச் சிலை. நடுவில் இருந்த வித்தியாசம் ஒரு கை பந்தைப் பிடிச்சதும், இன்னொரு ஆள் கொஞ்சம் முன்னால் விழுந்ததும்தான்.

11/
இதுக்கு உளவியலில் ஒரு பழைய ஆய்வு உண்டு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஜோனதன் பேரன், ஜான் ஹெர்ஷி, 1988. அவங்க கேட்ட கேள்விகளில் ஒன்று மருத்துவம் சம்பந்தப்பட்டது. இதய நோயாளிக்கு ஆபரேஷன் பண்ண ஒரு டாக்டர் முடிவு செய்றார். அதே நோயாளி, அதே தகவல், அதே ரிஸ்க். ஒரு கதையில் நோயாளி பிழைக்கிறார், இன்னொன்றில் இறக்கிறார். இறந்த கதையில் டாக்டரின் முடிவுக்குக் குறைவான மதிப்பெண். முடிவு எடுத்த நிமிடத்தில் ரெண்டுக்கும் ஒரு துளி வித்தியாசம் கிடையாது.

12/
இதனால் என்ன நஷ்டம்? கோச் கற்றுக்கொள்ளும் பாடம்தான் நஷ்டம். எல்லோரும் செய்வதைச் செஞ்சு தோத்தா பழி வீரர்கள் மேல். துணிஞ்சு தோத்தா பழி முழுசும் தன் மேல். அப்போ வேலையைக் காப்பாத்த எது வசதி? உதைச்சுட்டுப் போறது. பொருளாதாரப் பேராசிரியர் டேவிட் ரோமர் 2006ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது: ஜெயிக்கும் வாய்ப்பைக் கூட்ட நான்காவது வாய்ப்பில் எவ்வளவு துணியணுமோ, அதைவிட ரொம்பக் குறைவாகத்தான் அணிகள் துணிந்தன. பிற்பாடு அணிகள் இந்தக் கணக்கை ஏத்துக்க ஆரம்பிச்சதும் இப்போ நிலைமை நிறைய மாறியிருக்கு.

13/
இப்போ என் கிளினிக் பக்கம் வாங்க. மூணு நாள் சளி, காய்ச்சல். பரிசோதிச்சுப் பார்த்தா வைரஸ்தான். ஆன்டிபயாடிக் தேவையில்லை. ஓய்வு எடுங்க, தண்ணி நிறைய குடிங்க, மூச்சுத் திணறினாலோ காய்ச்சல் நிக்காம போனாலோ உடனே வாங்க என்று சொல்லி அனுப்புவதுதான் சரியான முடிவு. ஆனா அப்படி அனுப்பிய நூறு பேரில் ஒருத்தருக்கு நிமோனியா வந்துட்டா? "அந்த டாக்டர் ஒரு மாத்திரைகூடத் தரல" என்பதுதான் ஊர் முழுக்கப் பேச்சு.

14/
ஆன்டிபயாடிக் எழுதிட்டா? ஐந்தாம் நாள் தானாகச் சரியாகும் சளிக்கு மாத்திரை பேர் வாங்கிக்கும். டாக்டர் கைராசிக்காரர் ஆயிடுவார். கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் பழகுவதன் விலையை வேறொரு நோயாளி, வேறொரு ஐசியூவில் கொடுப்பார். நான் இதை ஃபீல்டு கோல் மருத்துவம் என்றுதான் சொல்வேன். ஸ்கோர் போர்டில் மூணு புள்ளி ஏறும், யாரும் திட்ட மாட்டாங்க, ஆட்டம் மட்டும் கை நழுவிப் போகும்.

15/
"அப்போ ரிசல்ட் மோசமானாலும் டாக்டரையும் கோச்சையும் கேள்வியே கேட்கக் கூடாதா?" தாராளமா கேட்கணும். இதே தராசு மறுபக்கமும் எடை போடும். ரிசல்ட் நல்லா வந்ததனால மோசமான முடிவு நல்ல முடிவு ஆகிடாது. இதுக்கு உதாரணம் சொல்றேன்.

16/
2022 செப்டம்பர் 25. மயாமி அணியின் டுவா டகோவைலோவா கீழே தள்ளப்பட்டு தலை தரையில் மோதுது. எழுந்து நடக்கும்போது தள்ளாடி விழுறார். கோடிக்கணக்கான பேர் பார்க்கும் ஆட்டம். முதுகுப் பிரச்னைதான் என்று சொல்லி இரண்டாம் பாதியில் ஆட விட்டாங்க. மயாமி 21-19 என ஜெயிச்சது. ஸ்கோரை மட்டும் பார்த்தா பலித்த முடிவு! நான்கே நாளில் அடுத்த ஆட்டம். மறுபடி அடி. விரல்கள் விறைத்துக்கொண்டு கிடந்தவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கிட்டுப் போனாங்க. விசாரணை நடந்து அக்டோபரில் விதியை மாத்தினாங்க: அடிபட்டு நடையில் தள்ளாட்டம் கண்டால், அன்றைக்கு அவருக்கு ஆட்டம் முடிஞ்சது.

17/
இன்னொன்று, 2013 ஜனவரி 6. வாஷிங்டனின் இளம் நட்சத்திரம் ராபர்ட் கிரிஃபின். கல்லூரிக் காலத்திலேயே தசைநார் கிழிந்து ஆபரேஷன் செய்த வலது முழங்கால். முந்தைய மாதம் அதே காலில் மறுபடி அடி. பிளே ஆஃப் ஆட்டத்தில் முதல் கால் பகுதியிலேயே நொண்ட ஆரம்பிச்சுட்டார். "வலிக்குது, ஆனா ஆட முடியும்" என்ற மாதிரி அவர் சொன்னதை நம்பி கோச் மைக் ஷானஹன் தொடர்ந்து ஆட விட்டார். கடைசிப் பகுதியில் கால் மடங்கி விழுந்தார். இரண்டு தசைநார்களுக்கு ஆபரேஷன். ஆட்டமும் போச்சு. அந்த முதல் வருஷத்து வேகம் பிறகு திரும்பவே இல்லை.

18/
ஒரு டாக்டரா சொல்றேன். அன்றைக்கு வாஷிங்டன் ஜெயிச்சிருந்தாலும், கால் தப்பிச்சிருந்தாலும், அது தப்பான முடிவுதான். போட்டிச் சூட்டில் இருக்கும் 22 வயசுப் பையன் "என்னால முடியும்" என்று சொல்வது சம்மதமே தவிர மருத்துவ அறிக்கை இல்லை. நொண்டும் காலை எல்லோரும் பார்த்துட்டு இருந்தாங்க. நான்காவது வாய்ப்பில் தவறினால் போவது ஒரு ஆட்டம். இங்கே போவது ஒருத்தருடைய கால், ஒருத்தருடைய மூளை. ரெண்டையும் ஒரே துணிச்சல் கணக்கில் சேர்க்க முடியாது.

19/
அதனால அடுத்த முறை ஒரு கோச்சையோ, டாக்டரையோ, உங்க வீட்டில் முடிவெடுத்தவரையோ திட்டவோ தலையில் தூக்கி வைக்கவோ போகும்போது, ரிசல்ட்டை ஒரு நிமிஷம் கையால மறைச்சுக்கோங்க. மூணு கேள்வி மட்டும் கேளுங்க.
அந்த நேரத்தில் அவருக்கு என்ன தெரியும்?
அவர் கையில் வேற என்ன வழி இருந்தது?
தப்பாப் போனா அதுக்கான விலையை யார் கொடுப்பாங்க?

20/
மூணாவது கேள்விதான் முக்கியம். விலையை வேறொருத்தர் தலையில் கட்டிட்டுத் தன் பேரைக் காப்பாத்திக்கிட்ட முடிவுதான் நம்ம கோபத்துக்கு உண்மையிலேயே தகுதியானது. அது ஜெயிச்சிருந்தாலும் சரி.

மாற்றுக் கருத்து இருந்தா கீழே எழுதுங்க, பேசலாம்.