சிக்கரிப் பங்கும் கூலிப் பங்கும்

கீழ்ப்பழனி மலையிலுள்ள தாண்டிக்குடியிலிருந்து முருகன் பழனிக்கு ஒரே தாண்டாகத் தாண்டினார், அதனால்தான் ஊருக்கு அப்பெயர் என்கிறார்கள் பக்தர்கள். சாமி தாண்டியதைக் கண்டவர் யாருமில்லை. அங்கு விளையும் காப்பிக்கொட்டை மலை தாண்டி நம் அடுப்புக்கு வருவதோ நிஜம்.

எப்படி வருகிறது? பனியிலும் சாரலிலும், சரிவில் நின்று, சிவந்த பழமாகப் பார்த்துக் கையால் பறிக்க வேண்டும். சுமார் 6 கிலோ பழத்துக்கு ஒரு கிலோ கொட்டை. பெரும்பாலும் பெண்கள் கை.

நாமோ, பகுத்தறிவுக்காரர் உள்பட, காலையில் ஒரு டம்ளர் இல்லாவிட்டால் தலைவலி என்கிறோம். ஏகாதசிப் பட்டினிக்காரருக்குக்கூடக் காப்பி விலக்கில்லை! சிக்கரி எத்தனை பங்கு என்று கடைக்காரனைக் கறாராய்க் கேட்கிறோமே, பறித்தவளுக்கு எத்தனை பங்கு என்று ஒரு நாளாவது கேட்டோமா?

சர்க்கார் 1951ல் தோட்டத் தொழிலாளர் சட்டம் செய்தது. வீடு, குடிதண்ணீர், வைத்தியம் எல்லாம் அதில் எழுதினார்கள். 1981ல் திருத்தியபோதும், 15 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் தோட்டத்துக்கு அது இல்லையென்றே வைத்தார்கள். சிறு தோட்டத்தில் பழம் பறித்தால் தாகம் எடுக்காது போலும்!

ஆகவே காப்பியை விட்டுவிடுங்கள் என்று சொல்ல நான் சாமியாரல்ல. நாம் விட்டால் அவளுக்குள்ள கூலியும் போகும். நமக்கு விரதமிருந்த பெருமை மிஞ்சும். பொடி விலை இரண்டு ரூபாய் ஏறினால் சண்டைக்கு நிற்கிறோமே, அந்த இரண்டு ரூபாய் அவள் கூலிக்குத்தான் போகிறதென்றால் முணுமுணுக்காமல் கொடுப்போமா? முதலில் அதைச் சொல்லுங்கள்.