மனைக்கு ஒரே கட்டணமா?

சாலையும் பாலமும் எல்லோருக்கும் பொதுவாகையால், கலிபோர்னியாவில் ஒவ்வொரு மனைக்கும் ஒரே தொகையாகக் கட்டணம் விதித்து அவற்றைச் செப்பனிடுவதே நியாயம் என்று நண்பர் எழுதியிருக்கும் வாதம், கேட்க இனிமையாயிருப்பினும் ஆராயத் தொடங்கினால் சங்கடம் தருகிறது. 1978-இல் அம்மாநில வாக்காளர் நிறைவேற்றிய 13-ஆம் பிரேரணை, சொத்து வரியை மதிப்பில் 1 சதவீதத்துக்குள் கட்டிவிட்டபடியால், மதிப்பைத் தொடாது மனைகளை மட்டும் எண்ணி வசூலிக்கும் இந்த உபாயம் பரவியதேயன்றி, சமத்துவத்தின்பால் எழுந்த பக்தியினால் அன்று. ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் கிழவியின் இரண்டறை வீடும், நாள்தோறும் சரக்கு லாரிகள் வந்து நிற்கும் பேரங்காடியும் ரசீதில் சரிசமமாக வீற்றிருக்கும் விநோதத்தை நண்பர் கவனிக்கவில்லை போலும்!

சாலையைக் கெடுப்பது மனையன்று, பாரம். இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த சாலைப் பரிசோதனையின் பயனாய்ப் பொறியாளர் கண்ட கணக்குப்படி, அச்சின் பாரம் இரட்டித்தால் சேதம் ஏறத்தாழப் 16 மடங்காகிறது. கிழவியோ நடந்து போகிறவள். ஆகவே சாலையில் ஓடுகிறவரிடமே பெட்ரோல் வரியாக வசூலிப்பது முறை என்றால், மின்சாரக் கார் பெட்ரோல் குடிப்பதில்லையே என்பார் நண்பர். பெட்ரோல் வரியைக் காலனுக்கு 12 செண்ட் உயர்த்திய 2017-ஆம் ஆண்டுச் சட்டமே அவ்வகைப் புதிய கார்களுக்கும் வருஷக் கட்டணம் விதித்திருக்கிறது. அச்சட்டத்தின் வரிகளை ரத்துச் செய்யக் கோரிய பிரேரணையை 2018 நவம்பரில் வாக்காளர் நிராகரித்துவிட்டனர்.